எங்கள் வீட்டு மூங்கில் கம்பும் ஓ நிலை ஓவியப் பாடமும்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வுக்கு ஓவியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன் என்று சொன்னால், சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "நல்லா வரைவியா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "அதுக்கெல்லாம் படிக்கணுமா?" இரண்டுக்கும் அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறேன், பதிலும் ஓரளவு கிடைத்திருக்கிறது. உயர்நிலை இரண்டில் பாடத்தெரிவுப் படிவத்தை வைத்துக்கொண்டு யோசிக்கும் தம்பி தங்கைகளுக்காகவும், பக்கத்தில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

தேர்வு எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியபோது 60 விழுக்காடு மதிப்பெண் கோர்ஸ்வொர்க்குக்கு, 40 விழுக்காடு 3 மணி நேர வரைதல் தேர்வுக்கு. கோர்ஸ்வொர்க் என்பது பல மாதங்கள் பள்ளியில் செய்யும் வேலை. ஒரு கருப்பொருளை எடுத்து, ஆராய்ந்து, சோதித்து, கடைசியில் ஒரு படைப்பாக முடிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சியும் சோதனையும் ஏ2 அளவுப் பலகைகளில் ஒட்டப்பட்டு, இறுதிப் படைப்போடு சேர்ந்தே போகும். 2027 முதல் ஓ (O) நிலை, 'என்' (N) நிலை என்று தனித்தனியாக இல்லாமல் பொதுவான ஒரு சான்றிதழ் வருகிறது. ஆகவே உங்கள் ஆண்டுக்கான விவரங்களை ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நான் சொல்லப்போவது மதிப்பெண் கணக்கைப் பற்றியது இல்லை. இந்தப் பாடத்தில் கை கற்பதைவிடக் கண் கற்பது அதிகம். அதைப் பற்றித்தான்.

எங்கள் ஓவிய ஆசிரியை கருப்பொருளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார். "ஒவ்வொரு வாரமும் நீ நேரில் போய்ப் பார்க்க முடிகிற பொருளாக இருக்க வேண்டும்." வேறு எதையும் அவர் தடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியிலேயே வகுப்பில் பாதிப் பேருடைய பட்டியல் காலியானது. இணையத்தில் பார்த்த ஓநாய், கொரியத் தொடரின் நாயகி, விண்வெளி எல்லாம் போயின. தமிழ்ப் பிள்ளை என்றால் கோலம், மயில், தீபாவளி விளக்கு என்றுதான் செய்யும் என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பதும் உண்டு. கோலம் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு வாசலில் தினமும் கோலம் போடுகிற குடும்பத்துப் பிள்ளைக்கு அதைவிட நல்ல கருப்பொருள் கிடைக்காது. எங்கள் வீட்டு வாசலில் இருப்பது செருப்பு அலமாரியும் ஒரு துளசித் தொட்டியும்தான். நான் தினமும் பார்ப்பது எது என்று யோசித்தபோது, சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் கம்புகள் நினைவுக்கு வந்தன.

பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இது தெரியும். சன்னலுக்குக் கீழே வரிசையாகக் குழாய்கள் பதித்திருக்கும். துணிகளைக் கம்பில் கோத்துக் கவ்வி போட்டு, அந்தக் கம்பைத் தூக்கி வெளியே செருக வேண்டும். ஈரத் துணியோடு அது நல்ல கனம். எங்கள் பாட்டி இன்னும் அதைத் தனியாகத்தான் செய்கிறார். கம்பில் அப்பாவின் கப்பல் பட்டறை ஓவரால், பாட்டியின் நூல் சேலை, அம்மாவின் அலுவலகச் சட்டை, அண்ணனின் தேசிய சேவை ராணுவச் சீருடை, என் பள்ளிச் சீருடை எல்லாம் தொங்கும். ஆளே இல்லாமல் ஒரு குடும்பத்தை வரைந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஆசிரியையிடம் சொன்னேன். "சரி, போய்ப் பார்" என்றார். அவர் "வரை" என்று சொல்லாமல் "பார்" என்று சொன்னது பிறகு ரொம்பவும் உதவியது.

துணி வரைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எந்தக் கருப்பொருளை எடுத்தாலும் எங்காவது ஒரு மடிப்பு வந்தே தீரும். மடிப்பைக் கோடு கோடாக வரைய ஆரம்பிக்காதீர்கள். துணியை எது பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மடிப்புகள் கவ்வி போட்ட இடத்திலிருந்தோ கம்பு தொடும் இடத்திலிருந்தோதான் பிறக்கின்றன. இரண்டு கவ்விகளுக்கு நடுவில் துணி தொய்ந்து வளையும். அந்த வளைவை முதலில் போட்டுவிட்டால் மற்றவை தாமாக இடம் பிடித்துக்கொள்ளும். துணியின் வகையும் முக்கியம். தடித்த ஓவராலில் மடிப்புகள் குறைவாகவும் பெரிதாகவும் இருக்கும். மெல்லிய பாலியஸ்டர் சட்டையில் சின்னச் சின்னதாக நிறைய இருக்கும். கஞ்சி போட்ட நூல் சேலை வளையாமல் முறிந்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் வரைந்தாலும் எது சேலை, எது ஓவரால் என்று தெரிய வேண்டும் என்பதே நான் எனக்கு வைத்துக்கொண்ட பயிற்சி.

கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வரைந்தால் என்ன என்று கேட்கலாம். எடுங்கள், நினைவுக்கு உதவும். ஆனால் சாதாரணக் கைபேசிப் படத்தில் நிழல் பகுதிகள் பெரும்பாலும் ஒரே கறுப்பாகவும் வெயில் பட்ட வெள்ளை ஒரே வெள்ளையாகவும் போய்விடும். துணியில் பார்க்க வேண்டியவை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. நேரில் வரைவதில் அவசரமும் உண்டு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் காலை 7 மணி வாக்கில் உதிக்கும் சூரியன் மளமளவென்று மேலே ஏறிவிடும். நண்பகலில் தலைக்கு மேலே நிற்கும்போது நிழல் சுருங்கி, துணி தட்டையாகத் தெரியும். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை சாய்ந்து விழும் வெளிச்சம்தான் மடிப்புகளுக்கு ஏற்றது. அதனால் சனி, ஞாயிறு காலைகளை இதற்கென ஒதுக்கினேன். முதலில் 2 நிமிட விரைவுக் கோட்டோவியங்கள், அப்புறம் ஒரு நீண்ட ஓவியம். கை சூடாவதற்கு இந்த வரிசை நல்லது.

இதில் பாட்டியோடு ஒரு போராட்டம் வேறு. வானம் இருண்டதும் அவர் கம்பை உள்ளே இழுத்துவிடுவார். "பாட்டி, கொஞ்ச நேரம் இருங்க" என்றால், "மழைக்கு உன் படம் தெரியுமா? துணிய எடு முதல்ல" என்பார். நாளடைவில், கம்பை வெளியே நீட்டும் முன் "எந்தச் சேலை முன்னாடி வரணும்?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டுத் துணிகளை வரைவதாக இருந்தால் கேட்டுவிட்டு வரையுங்கள். எதிர் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மேலே பார்த்து வரைந்துகொண்டிருந்தால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். நான் படத்தைக் காட்டி விளக்கியதும், நாலாவது மாடி மலாய் ஆன்ட்டி தன் பத்திக் துணி நன்றாகத் தெரியும்படி மாற்றிப் போட்டார்.

அடுத்து வண்ணம். வெள்ளை வேட்டியை வரைய வெள்ளை வண்ணம் மட்டும் போதாது என்று ஆசிரியை சொன்னதை நம்புவது கஷ்டமாக இருந்தது. அவர் ஒரு சாம்பல் நிற அட்டையில் சின்ன ஓட்டை போட்டுக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பார்க்கச் சொன்னார். ஓட்டைக்குள் தெரிந்த நிழல் பகுதி நீலமாக இருந்தது. எங்கள் புளோக்கின் சுவரில் செங்கல் நிறப் பட்டை ஒன்று ஓடும். அதன் பக்கத்தில் தொங்கிய பகுதி இளஞ்சிவப்பாக இருந்தது. வெள்ளைத் துணி வானத்தின் நிறத்தையும் சுவரின் நிறத்தையும் வாங்கித் திருப்பித் தருகிறது. "வேட்டி என்றால் வெள்ளை" என்று மூளை முந்திக்கொள்வதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அந்த அட்டை இன்னும் என் பையில் இருக்கிறது. ஒரு காசு செலவில்லாமல் இதைவிடச் சிறந்த ஓவியக் கருவி கிடைக்காது.

ஈரத் துணி ஏன் அடர்ந்த நிறத்தில் தெரிகிறது என்பதையும் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுப் பலகையில் எழுதினேன். உலர்ந்த துணியில் நூலிழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி அங்கே எல்லாப் பக்கமும் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியதும் சிதறல் குறைகிறது, துணி கறுத்துத் தெரிகிறது. அதனால்தான் காய்ந்துகொண்டிருக்கும் சேலையில் மேலே வெளிர், கீழே அடர்த்தி என்று இரண்டு நிறம் இருக்கும். இது தெரிந்த பிறகு ஒரு சேலை எவ்வளவு நேரமாகத் தொங்குகிறது என்பதைக்கூட என்னால் வரைய முடிந்தது.

நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள் என்பது எங்கள் வகுப்பு விதி. அல்ட்ரமரின் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பைக் கலந்தால் உயிருள்ள சாம்பல் நிறங்கள் வரும். நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் வெதுவெதுப்பு. அக்ரிலிக் காய்ந்ததும் சற்று அடர்ந்துவிடும், நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறிவிடும். ஆகவே ஓரத்தில் ஒரு சோதனைத் தாள் எப்போதும் வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் நீர்வண்ணம் காய நேரம் பிடிக்கும், மெல்லிய தாள் அலையலையாக நெளிந்துவிடும். நீர்வண்ணத்துக்கு மட்டும் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள் வாங்குங்கள், மற்றவற்றுக்குச் சாதாரணத் தாள் போதும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியக் கடைகள் இருக்கின்றன. பெரிய வண்ணப் பெட்டி வாங்கும் காசில் நல்ல தரத்தில் ஐந்தாறு குழாய்கள் வாங்குவதே சரி. நாங்கள் நாலு பேர் சேர்ந்து வெள்ளையை மட்டும் பெரிய டப்பாவாக வாங்கிப் பகிர்ந்துகொண்டோம், ஏனென்றால் முதலில் தீர்வது அதுதான்.

தேசியக் கலைக்கூடத்துக்குப் பள்ளியிலிருந்து அழைத்துப் போனார்கள். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015இல் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. அங்கே சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' இருக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. அந்தக் கேள்விகளைப் படித்துவிட்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். கோர்ஸ்வொர்க்கில் எங்களிடம் கேட்கப்படுவதும் இந்த இரண்டும்தானே என்று தோன்றியது. என் பலகைகளில் எழுதியவற்றையெல்லாம் பிறகு இந்த இரண்டு கேள்விகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கே வசிக்கிறேன் என்பதற்குப் படம் நிறைய இருந்தது. யார் என்பதற்கு இன்னும் தேட வேண்டியிருந்தது.

ஜார்ஜெட் சென் தன்னையே வரைந்த ஓவியமும் அங்கே உண்டு. புத்தகங்களில் பார்த்துப் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உயரம் 22 சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் அந்தப் பார்வை அறையின் மறுமுனை வரை வருகிறது. பெரிய படத்துக்குத்தான் மதிப்பெண் என்று பயந்துகொண்டிருந்த எங்கள் வகுப்புக்கு அதைப் பார்த்தது பெரிய நிம்மதி.

கலைக்கூடம் போக முடியாதவர்கள் சிங்கப்பூரின் 50 வெள்ளி (டாலர்) பணத்தாளைத் திருப்பிப் பாருங்கள். சியோங் சூ பியெங்கின் 1978ஆம் ஆண்டு ஓவியம் இருக்கும், கருவாடு உலர்த்தும் காட்சி. பக்கத்தில் சென் வென் சியின் கிப்பன் குரங்குகளும் இருக்கும். உலர்த்துவது என்ற ஓர் அன்றாட வேலையை இவ்வளவு மதிப்போடு ஒருவர் வரைந்திருக்கிறார் என்பது என் கருப்பொருளுக்குப் பெரிய துணையாக இருந்தது. "துணி காயப்போடுறதெல்லாம் ஒரு படமா?" என்று அத்தை கேட்டபோது, அம்மா தன் பர்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். கலைஞர்களைப் பற்றிப் பலகையில் எழுதும்போது பிறந்த ஆண்டையும் பரிசுகளையும் நகலெடுப்பதில் பயனில்லை. அவர் என்ன செய்தார், அதிலிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள், எடுத்ததைச் சோதித்த உங்கள் படம் எங்கே, இந்த மூன்றும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்க வேண்டும்.

என் படத்தை மாற்றியது வகுப்பில் நடந்த விமர்சன நேரம். எல்லோரும் தங்கள் வேலையைச் சுவரில் மாட்டுவோம். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று சொல்லக் கூடாது. முதலில் என்ன தெரிகிறது, பிறகு அதைப் பற்றி என்ன நினைக்கிறாய், பிறகு என்ன கேட்கத் தோன்றுகிறது என்ற வரிசையில் பேச வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு ஒன்று உருவாக்கி, இங்கே பல பள்ளிகள் பயன்படுத்தும் முறை இது. படத்தை வரைந்தவர் அந்த நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. அது கஷ்டம், ஆனால் பேசாமல் இருந்தால்தான் படம் என்ன சொல்கிறது என்று நமக்கே தெரியும்.

என் கம்புகளின் வரிசையைப் பார்த்த ஒரு தோழி கேட்டாள்: "இந்தப் படத்தில் மட்டும் ஏன் ஓவரால் இல்லை? உன் அப்பா ஊரில் இல்லையா?"

அப்பா ஊரில்தான் இருந்தார். அந்த வாரம் இரவு வேலை, அதனால் துவைக்கும் நாள் மாறியிருந்தது. ஆனால் ஒரு துணி இல்லாததைப் பார்த்து ஓர் ஆள் இல்லாததை அவள் உணர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கம்பில் இருப்பதோடு இல்லாததையும் பார்க்க ஆரம்பித்தேன். அண்ணன் அப்போது தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியில் இருந்தான். அவன் வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான், அதனால் பச்சைச் சீருடையும் அப்போது மட்டும்தான் தொங்கும். வார நாள்களில் அந்த இடம் காலி. பாட்டி அந்த இடத்தில் வேறு துணி போடாமல் விட்டுவைப்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. கேட்டேன். "அவன் துணி கனம், வெயில் நல்லா விழுற இடம் அதுதான்" என்றார். என் இறுதிப் படைப்பின் மையம் அந்தக் காலி இடம்தான். இடது ஓரத்தில் சேலை, வலது ஓரத்தில் ஓவரால், நடுவில் வெறும் மூங்கில்.

அதை எதன் மேல் வரைவது என்ற கேள்விக்குப் பாட்டிதான் பதில் கொடுத்தார். கரை நைந்துபோன ஒரு பழைய நூல் சேலையை எடுத்து வந்து, "இனி கட்ட முடியாது, வரைய முடியும்னா எடுத்துக்கோ" என்றார். செய்முறை சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். முதலில் நன்றாகத் துவைத்துக் கஞ்சியை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. காய்ந்த துணியை மெல்லிய மரப்பலகையின் மேல் அக்ரிலிக் மீடியம் என்ற நிறமில்லாத பசையைத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்ட வேண்டும். காய்ந்த பிறகு ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு இரண்டு முறை, மெல்லியதாக. கரை தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை ஜெஸ்ஸோவுக்குப் பதில் நிறமில்லாத மீடியம் பூசினேன், அப்போது நூலும் நெசவும் அப்படியே தெரியும். இதையெல்லாம் முதலில் கைக்குட்டை அளவுத் துண்டுகளில் சோதித்து, எல்லாத் துண்டுகளையும் பலகையில் ஒட்டி, எதை ஏன் விட்டேன், எதை ஏன் எடுத்தேன் என்று பக்கத்தில் எழுதினேன். பலகையில் எழுதும் குறிப்பு "இது எனக்குப் பிடித்திருக்கிறது" என்று நின்றுவிடக் கூடாது. "பூச்சு தடித்ததால் நெசவு மறைந்தது, எனக்கு நெசவு வேண்டும்" என்பது போல இருந்தால் உங்கள் யோசனை ஓடிய வழி படிப்பவருக்குத் தெரியும்.

3 மணி நேரத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வினாத்தாள் முன்கூட்டியே கிடைக்கும், அதற்கான முன்தயாரிப்பும் உண்டு. வீட்டில் ஒருமுறையாவது கடிகாரம் வைத்து முழுதாக வரைந்து பாருங்கள். முதல் அரை மணியில் தாள் முழுவதும் வண்ணம் மூடிவிட வேண்டும், நுணுக்கம் பிறகு.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு பாதி தாண்டியதும் எல்லாப் பாடங்களும் ஒன்றாக நெருக்கும். கணிதத் துணைப்பாட வகுப்பும் கோர்ஸ்வொர்க்கும் ஒரே மாலையில் மோதும். எங்கள் வீட்டில் அப்பா செய்தது என்னவென்றால், வாரத்தில் எந்த மாலைகள் ஓவியத்துக்கு என்று நாள்காட்டியில் என்னையே எழுதச் சொன்னார். எழுதிய மாலையில் வேறு எதற்கும் கூப்பிடவில்லை. அறிவுரையைவிட அது எனக்கு ரொம்பவும் உதவியது. பிள்ளை சன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சும்மா இருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள், அவள் அப்போது பாடம் படித்துக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, பலகைகளை ஒப்படைக்கும் வரை காத்திருக்காமல் அவ்வப்போது படம் எடுத்து வையுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் ஓ நிலைத் தேர்வுக்கு வெகு முன்னாலேயே உங்கள் வேலைகளைக் காட்ட வேண்டிவரும். என் நேர்காணலில் சோதனைத் துண்டுகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். படம் எடுக்கப் புளோக்கின் திறந்த நடைபாதை போதும், நேர் வெயில் படாத பக்கமாகப் பாருங்கள். பலகையைச் சுவரில் நிமிர்த்தி வைத்து, கைபேசியை அதன் நடு உயரத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.